கள்ளவேட்டை என்னும் சொல்: மைசூர்ச் சமவெளியில் புல்வாயும் அனுமதிச் சீட்டும்

'கள்ளவேட்டை' என்னும் தொகைச்சொல்லை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். பெங்களூரில் வெளியாகும் கன்னட நாளிதழ்களில் இதே சொல் 'கள்ளபேட்டெ' என வருகிறது. இதன் இரு உறுப்புகளும் மிகப் பழையவை. ஆனால் இன்று நாம் வழங்கும் பொருளில் அவ்விரண்டும் ஒட்டி நிற்பதற்கு ஒரு முன்நிபந்தனை வேண்டும். கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை ஆகியவற்றைப் போலவே இதுவும் அரசு ஒரு செயலைத் தன் முத்திரைக்கு உட்படுத்திய பின்னரே பொருள்படும் சொல். முத்திரை பெற்ற வேட்டை என்று ஒன்று இல்லாத இடத்தில் கள்ளவேட்டை இல்லை. வேட்டை மட்டுமே உண்டு.

அந்த முத்திரை தென்னிந்தியாவில், குறிப்பாக மைசூர்ச் சமவெளியில், எவ்வாறு வந்தது, யாருக்குக் கிடைத்தது, எவ்வாறு மறைந்தது என்பதைப் புல்வாய் என்னும் ஒரே விலங்கின் வழியாகத் தொகுத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம். சூழலியல் வரலாறு பயிலும் மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் இதனைச் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வேட்டைச் சட்டங்கள் விலங்குகளுக்கு இட்ட பெயர்களைக் காட்டிலும் மனிதர்களுக்கு இட்ட பெயர்களே இதில் முதன்மையானவை.

1. பெயர்கள்

தொல்காப்பிய மரபியல் புல்வாயின் ஆண்பாற் பெயர்களாக இரலை, கலை என்பவற்றைக் கூறுகிறது. பெண்ணுக்குப் பிணை என்பது பெயர். முறுக்கிய கொம்புடைய இரலை சங்க அகப்பாடல்களில் முல்லை நிலத்தின் அடையாளமாக மீண்டும் மீண்டும் வருகிறது. இன்று வனத்துறை 'வெளிமான்' என்று எழுதும் விலங்கு இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து. காட்டுக்குள் ஒளியாமல் வெட்டவெளியில் வாழ்வது என்பதால் 'வெளிமான்' மிகப் பொருத்தமான பெயர்.

கன்னடத்தில் 'எரளெ', தெலுங்கில் 'இர்ரி' ஆகியவை இரலையோடு இனமான சொற்கள். பழங்கன்னடப் 'புல்லெ' பிற்காலத்தில் 'ஹுல்லெ' ஆயிற்று. தமிழ்ப் 'புல்' கன்னடத்தில் 'ஹுல்லு' ஆவதைப் போன்ற முறையான ஒலிமாற்றம் இது. வேட்டைக்குப் 'பேட்டெ', வேடருக்குப் 'பேடரு' என அமைவதும் வகர பகர மாற்றமே. 1954இல் வெளியான 'பேடர கண்ணப்ப' என்னும் கன்னடத் திரைப்படத்தின் பெயரைக் கேட்கும் தமிழருக்கு அது கண்ணப்ப நாயனார் கதை என்பது உடனே விளங்கும். விலங்குக்கும் வேட்டைக்கும் வேட்டுவருக்கும் நெருங்கிய மொழிகளில் ஒரே வேரிலிருந்து கிளைத்த பெயர்கள் இருப்பது, இந்நிலத்தில் இவ்வாழ்க்கை எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகிறது.

ஆங்கிலச் சொல்லான 'ஆண்டிலோப்' இடைக்காலக் கிரேக்கத்தில் ஒரு கற்பனை விலங்கின் பெயராக இருந்து பின்னர் உண்மை விலங்குகளுக்கு வந்தது. லின்னேயஸ் 1758இல் நம் புல்வாய்க்கு 'செர்விகாப்ரா', அதாவது மான்–ஆடு, என்று பெயரிட்டார். பல்லாஸ் 1766இல் 'ஆண்டிலோப்' என்னும் பேரினத்தை அமைத்தபோது அதன் மூலவகையாக நின்றது இந்த இந்திய விலங்குதான். வட அமெரிக்கச் சமவெளியில் 'ஆண்டிலோப்' என்று அழைக்கப்பட்டு, ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் வேட்டைச் சீட்டு வழங்கப்படும் பிராங்ஹார்ன் என்னும் விலங்கு உண்மையில் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. உயிருடன் உள்ள விலங்குகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும்.

2. சீட்டுக்கு முன்

சீட்டு வருவதற்கு முந்திய காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் போக்கு நம் எழுத்துகளில் உண்டு. அது சரியன்று. அரசர்கள் யானையையும் நல்ல வேட்டைக்காடுகளையும் தமக்கெனவே வைத்திருந்தனர். பழக்கிய சிவிங்கியை மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்று புல்வாய்க் கூட்டத்தின்மேல் ஏவிவிடும் வேட்டை, அரண்மனைகளின் ஆடம்பரங்களுள் ஒன்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் வேட்டைச் சிவிங்கிகள் ஆர்தர் வெல்லெஸ்லியின் பொறுப்பில் வந்தன. வெற்றிபெற்றவரின் விருந்தினர்களுக்காக அவை மான்களைத் துரத்தின. கோட்டையும் கருவூலமும் போலவே வேட்டையும் கைமாறக்கூடிய அரச உடைமை என்பதற்கு இது சான்று.

எனினும் அரண்மனைக்கு வெளியே, ஊர்ப்புறப் புல்வெளியில், வேட்டை பலருக்கும் பொதுவாக இருந்தது. வலை, கண்ணி, வளர்ப்பு மானைக் கொண்டு காட்டு மானை ஈர்த்தல், நாய்களைக் கொண்டு துரத்துதல் எனப் பல முறைகள் வழக்கிலிருந்தன. பயிரைக் காக்க உழவர் விரட்டினர். கறிக்காகச் சிலர் பிடித்தனர். விற்பதற்காக நாடோடிக் குழுவினர் பிடித்தனர். கருநாடகத்தின் ஹக்கிபிக்கியரும் தமிழகத்தின் நரிக்குறவரும் பேசும் வாக்ரி போலி, குசராத்தியோடு உறவுடைய இந்தோ ஆரிய மொழி. ஆனால் அவர்களை நாம் அழைக்கும் பெயர்கள் இரண்டும் அவர்கள் மொழியைச் சார்ந்தவை அல்ல. பறவை பிடிப்பவர், நரி பிடிப்பவர் எனத் தொழிலைக்கொண்டு அயலார் இட்ட பெயர்கள் அவை. தொழிலே பெயராகிவிட்ட ஒரு மக்களிடமிருந்து அத்தொழிலைச் சட்டம் நீக்கும்போது என்ன நிகழும் என்பதைப் பின்னர் காண்போம்.

3. இரண்டு உரிமங்கள்

வேட்டைக்குத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரித்தானிய இந்தியாவில் இதனை உறுதிப்படுத்தியது. அச்சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகள் ஐரோப்பியருக்கு விலக்களித்தன. ஆகவே வேட்டைச் சீட்டு என்னும் இரண்டாம் உரிமம் வருவதற்கு முன்பே, முதல் உரிமத்தின் வாயிலாக வேட்டைக்காரர்கள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டுவிட்டனர்.

இரண்டாம் உரிமத்தின் முன்னோடி நீலகிரி. 1877இல் அங்கு வேட்டை விலங்குப் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் அமைந்தது. ஈராண்டில், 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காடுகளில் விதிகளுக்கு முரணாக வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் குற்றமாக்கியது. மைசூர் அரசு 1901இல் தன் சொந்த வேட்டைவிலங்கு மற்றும் மீன் பாதுகாப்பு ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. பிரித்தானிய இந்தியா முழுமைக்குமான 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் மான்களோடு 'ஆண்டிலோப்' இனங்களும் இடம்பெற்றன. அவற்றுக்கு வேட்டை கூடாத பருவத்தை அறிவிக்கும் அதிகாரம் மாகாண அரசுகளுக்குத் தரப்பட்டது. உயிரையோ உடைமையையோ காக்கும் பொருட்டுக் கொல்வதற்கு அச்சட்டத்தில் விலக்கும் இருந்தது.

இச்சட்டங்கள் காத்தது 'விலங்கை' அன்று. 'கேம்' எனப்பட்ட வேட்டைக்குரிய விலங்கை. வேட்டையிலிருந்து விலங்கைக் காப்பது வேறு, வேட்டைக்காக விலங்கைக் காப்பது வேறு. புலியும் செந்நாயும் அக்காலத்தில் பாதுகாப்புக்குரியவை அல்ல. தலைக்கு இவ்வளவு எனப் பரிசு அறிவித்துக் கொல்லப்பட்டவை. காரணம் எளியது: அவை வேட்டைக்காரரின் போட்டியாளர்கள். ஊர் வேட்டுவரும் அதே தட்டில் வைக்கப்பட்டார். கறிச்சட்டிக்காகக் கொல்வது இழிவு, கொம்புக்காகக் கொல்வது பண்பாடு என்னும் வேறுபாடு அக்கால ஆங்கில வேட்டை நூல்களில் பரவலாகக் காணப்படுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நீலகிரி வேட்டையைப் பற்றி ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன், ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான வேற்றுமையை நிறுவும் களமாக வேட்டை எவ்வாறு பயன்பட்டது என்பதைக் காட்டியிருக்கிறார். நம் மாணவர்கள் அக்கட்டுரையைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கொம்பின் நீளத்தை அளந்து பதிவேட்டில் ஏற்றும் வழக்கமும் இக்காலத்தையே சார்ந்தது. இலண்டனின் ரோலண்டு வார்டு நிறுவனம் 1892 முதல் வெளியிட்ட வேட்டைப் பதிவேடு அதன் உச்சம். தென்னிந்தியாவில் சுடப்பட்ட விலங்குகளின் தலைகளும் தோல்களும் மைசூரில் இருந்த வான் இங்கன் பாடஞ்செய்யும் கூடத்திற்குச் சென்றன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இயங்கிய அக்கூடம் 1999இல்தான் மூடப்பட்டது.

4. எல்லை கடந்த வேட்டை

பெங்களூரின் அரசியல் நிலவியல் இக்கதையில் தனி இடம் பெறுவது. 1881இல் மைசூர் ஆட்சி மீண்டும் உடையார் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது பெங்களூர் இரண்டானது. பேட்டைப் பகுதி மன்னருக்கு. கண்டோன்மென்ட் எனப்படும் குடிமை, இராணுவ நிலையம் பிரித்தானிய ரெசிடெண்டுக்கு. தமிழ் பேசுவோர் பெருந்தொகையாக வாழ்ந்த அக்கண்டோன்மென்ட் 1947 வரை தனி ஆட்சிப்பகுதியாகவே நீடித்தது. ஆகவே அல்சூரில் தங்கியிருந்த ஓர் இராணுவ அதிகாரி புல்வாய் சுட விரும்பினால், நகரைவிட்டு வெளியேறும்போதே சட்டப்படி இன்னொரு நாட்டுக்குள் நுழைந்தவராவார். மதராசிலிருந்து வந்தவருக்கும் நிலை அதுவே. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு 1864இல் வந்த இருப்புப்பாதை பயணத்தை எளிதாக்கியது. மண்ணும் விதியும் மைசூருடையவை.

இத்தகைய வெளிநாட்டு வேட்டைக்கான திட்டமிடலை அக்கால நூல்களிலிருந்து ஒருவாறு மீட்டெடுக்கலாம். முதலில் விடுப்பு. பின்னர் உரிய அலுவலருக்கு மடல். அடுத்து, மான் எந்தப் புல்வெளியில் நிற்கிறது என அறிந்த உள்ளூர்ச் 'சிகாரி'. பாரசீக வழி வந்த இச்சொல் ஆங்கில நூல்களில் பெரும்பாலும் கூலி பெற்று வழிகாட்டும் இந்தியரையே குறித்தது. சுடுபவர் 'ஸ்போர்ட்ஸ்மேன்', தடம் அறிந்தவர் 'சிகாரி'. அதே ஆள், அதே தட அறிவோடு, துரை இல்லாத நாளில் தனியே சென்றால் 'போச்சர்', அதாவது கள்ளவேட்டைக்காரர். ஒருவரின் அறிவும் செயலும் மாறவில்லை. உடன் வருபவரின் சட்டைப்பையில் உள்ள தாள் ஒன்றே பெயரை மாற்றியது. இவ்வரலாற்றின் மையம் என நான் கருதுவது இதனையே.

வேட்டை முறையிலும் இவ்வுறவு வெளிப்படுகிறது. புல்வாய் வெட்டவெளியில் வாழ்வது, கூர்த்த பார்வையுடையது, அணுகுவது கடினம். ஆனால் தினமும் காணும் உழவரின் மாட்டு வண்டிக்கு அது அஞ்சுவதில்லை. ஆதலால் துப்பாக்கிக்காரர் வண்டியின் மறைவில் நடந்து நெருங்குவது வழக்கமான உத்தி. உழவருக்கும் மானுக்கும் தலைமுறைகளாக நிலவிய பழக்கத்தை, அவ்விருவருக்கும் அயலான ஒருவர் தம் குறிக்குப் பயன்படுத்திக்கொண்டார். வண்டிக்காரருக்கு வாடகை கிடைத்திருக்கும். பயிரைத் தின்ற மான் ஒன்று குறைந்ததில் மகிழ்ச்சியும் இருந்திருக்கலாம். எனவே இதில் ஊரார் வெறும் பலியாட்கள் என்று எழுதிவிடவும் இயலாது.

எல்லை கடந்த வேட்டை பிற்காலத்திலும் தொடர்ந்தது. பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன் (1910–1974) எழுதிய வேட்டைக் கதைகளைத் தமிழ் வாசகர் பலர் அறிவர். அவர் கதைகளின் களங்களான ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் பெங்களூரிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்தபோதும் அன்று மதராஸ் மாகாணத்துச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. புலிக்கும் மானுக்கும் அவ்வெல்லை இல்லை. துப்பாக்கிக்கு உண்டு.

5. மைசூர், 1952

நாடு விடுதலை பெற்ற பின் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே ஆண்டில் அமைந்தன. 1952இல் சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இந்திய வனவிலங்கு வாரியத்தின் முதற்கூட்டம் மைசூரில் நடைபெற்றது; தலைவர் ஜயசாமராஜ உடையார். புல்வாயைத் துரத்திய விலங்கு மறைந்த ஆண்டில், அவ்வேட்டையை ஒரு காலத்தில் ஆடம்பரமாகக் கொண்டிருந்த நகரிலேயே, பாதுகாப்பின் அலுவல்முறை தொடங்கியது. வேட்டை மரபில் வளர்ந்தவர்களே பாதுகாப்பின் முதல் தலைமுறையாகவும் இருந்தனர் என்பதை நாம் முரணாகக் கருத வேண்டியதில்லை. 'வேட்டைக்காகக் காத்தல்' என்னும் பழைய கருத்தின் இயல்பான நீட்சி அது.

அரசியலமைப்பில் வனவிலங்கு அன்று மாநிலப் பட்டியலில் இருந்தது. ஆகவே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மாநிலங்களின் தீர்மானங்களைப் பெற்று, 252ஆம் உறுப்பின் வழியாக நாடாளுமன்றம் இயற்ற நேர்ந்தது. 1976இல்தான் இத்துறை பொதுப் பட்டியலுக்கு மாறியது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையை ஒரேயடியாகத் தடைசெய்தது என்னும் பரவலான எண்ணம் பிழையானது. புல்வாய் முதல் அட்டவணையில் இடம்பெற்று முழுப் பாதுகாப்புப் பெற்றது உண்மை. ஆனால் பிற அட்டவணைகளில் இருந்த விலங்குகளுக்குச் சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை, பொறிவைத்துப் பிடித்தல் என உரிம வகைகள் அச்சட்டத்திலேயே இருந்தன. நீல்காய் என்னும் பெரிய ஆண்டிலோப் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வுரிமங்களை நீக்கியது. ஆக, 1879இல் நீலகிரியில் தொடங்கிய சட்டமுறை வேட்டைக்கு இந்தியாவில் ஏறத்தாழ 112 ஆண்டுகள் ஆயுள்.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான பாதை. கணக்கற்றுத் திரிந்த பிராங்ஹார்ன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பத்தாயிரங்களாகச் சுருங்கியது. அதனை மீட்டெடுக்க அங்கு உரிமமே கருவியாயிற்று. எத்தனை விலங்கு கொல்லலாம் என ஆண்டுதோறும் கணக்கிட்டு, குலுக்கலில் சீட்டு வழங்கி, கொன்றவுடன் உடலில் சீட்டைக் கட்ட வேண்டும் என விதித்தனர். வெளி மாநிலத்தாருக்குத் தனி ஒதுக்கீடும் மிகுந்த கட்டணமும் உண்டு. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையின் வரியைப் பாதுகாப்புப் பணிக்குத் திருப்பியது. விலங்கு மீண்டது. அச்சமவெளியின் தொல்குடிகள் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்தே இவ்வெற்றியைப் படிக்க வேண்டும். எனினும் குலுக்கலில் பெயர் கொடுக்க அங்கே தலைமை ஆசிரியருக்கும் லாரி ஓட்டுநருக்கும் ஒரே வாய்ப்பு. நம் நாட்டில் உரிமம் ஒருபோதும் அத்தகைய பரவலைப் பெறவில்லை. அது அலுவலர், மன்னர், தோட்ட முதலாளி ஆகியோரின் தாளாகவே பிறந்து அவ்வாறே முடிந்தது. ஆகவே அது நீக்கப்பட்டபோது அதற்காகப் பரிந்து பேசப் பெருந்திரள் எதுவும் இல்லை. உரிமம் என்றுமே பெறாதவர்களின் வேட்டை அப்போதும் குற்றம். அதற்குப் பின்னரும் குற்றம்.

இதில் ஒரு முரண்நகையும் உண்டு. 1932இல் டெக்சாசில் கொண்டுபோய் விடப்பட்ட புல்வாய் அங்கே பல்லாயிரமாகப் பெருகியுள்ளது. அயலக விலங்கு என்பதால் தனியார் பண்ணைகளில் அதற்கு வேட்டைப் பருவக் கட்டுப்பாடே இல்லை. பணம் செலுத்துபவர் சுடலாம்.

6. தாள் மாறியது

உரிமம் நீங்கிய பின் புல்வாய்க்கு என்ன நேர்ந்தது? சில இடங்களில் அது நன்கு பெருகியது. ராணிபென்னூர் சரணாலயம் 1974இல் அமைந்தது. துமகூரு மாவட்டம் மதுகிரி வட்டத்தில் மைதனஹள்ளிப் புல்வெளி 2007இல் 798 ஏக்கர் பரப்பில் பாதுகாப்பு ஒதுக்கமாயிற்று. தமிழகத்தில் கோடியக்கரையும் வல்லநாடும் உள்ளன.

ஆனால் இவ்விலங்கின் வாழ்விடம் காடன்று, புல்வெளி. மைசூர்ச் சமவெளியில் புல்வெளியின் பெரும் பகுதி 'அம்ருத மஹால் காவல்' எனப்படும் மேய்ச்சல் நிலங்கள். சிக்க தேவராஜ உடையார் காலத்தில் 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி, என்ற பெயரில் அமைந்த கால்நடைத் துறைக்குத் திப்பு 'அம்ருத மஹால்' எனப் பெயர் மாற்றினார். தமிழில் காத்தல் தொழிலைக் குறிக்கும் 'காவல்', கன்னடத்தில் காக்கப்பட்ட புல்நிலத்தையே குறிக்கும் பெயராயிற்று. மன்னரின் மாட்டுக்காகக் காக்கப்பட்ட புல்லில் மானும் பிழைத்தது.

வருவாய்த் துறையின் கண்ணுக்குப் புல்வெளி மரமற்ற நிலம். ஆதலின் வெற்று நிலம். தைலமரம் நடப்பட்ட இடங்களுள் ராணிபென்னூர் சரணாலயமும் ஒன்று. சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரெயில் 2008ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ 10,000 ஏக்கர் புல்வெளி அறிவியல், பாதுகாப்பு, அணுவாற்றல் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. பெங்களூரில் தலைமையகம் கொண்ட நிறுவனங்களும் அவற்றுள் அடங்கும். மேய்ச்சலை நம்பிய ஊரார் எதிர்த்தனர்; வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அங்கு எந்தத் துப்பாக்கியும் வெடிக்கவில்லை. 1901ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை கொம்புள்ள ஆணைச் சுடும் தாளை வழங்கியது. நில ஒதுக்கீட்டு ஆணையோ கூட்டம் நிற்கும் தரையையே வழங்கும் தாள். வேட்டைச் சீட்டின் வரலாற்றை எழுதுவோர் இந்த இரண்டாம் தாளையும் அதே தொடரில் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு புறம், நிலம் சுருங்கச் சுருங்க மான் வயலுக்குள் வருகிறது. வடகருநாடகத்தின் ஹாவேரி, கதக், கொப்பள் மாவட்டங்களில் புல்வாயால் ஏற்படும் பயிரிழப்பு உழவரின் நீண்டகால முறையீடு. 1912ஆம் ஆண்டுச் சட்டம் உடைமையைக் காக்கக் கொல்வதற்குக் கொடுத்த விலக்கு இன்று முதல் அட்டவணை விலங்கிற்குக் கிடைக்காது. இழப்பீட்டு மனுவே வழி. மான் பெருக வேண்டும் என்று நகரத்திலிருந்து விரும்பும் நம் போன்றோர், அதன் தீனிச் செலவை யார் ஏற்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இக்கேள்விக்குப் பீகார் தந்த விடை குறிப்பிடத்தக்கது. 2015 டிசம்பரில் அம்மாநிலத்தின் சில மாவட்டங்களில் நீல்காய் 'தீங்குயிர்' என நடுவண் அரசால் அறிவிக்கப்பட்டது. 2016 ஜூனில் பாட்னா மாவட்டம் மோகாமாவில் ஐதராபாத்திலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பாக்கிக்காரர்கள் சில நாள்களில் 200க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டனர். நடுவண் அமைச்சர்களிடையே வெளிப்படையான கருத்து மோதல் எழுந்தது. அண்மைக் கால இந்தியாவில் அரசின் அனுமதியோடு நடந்த, எல்லை கடந்த ஆண்டிலோப் வேட்டை இது. மொழியியலாருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. 'நீல்காய்' என்பதில் 'காய்' என்றால் பசு. பெயரில் பசு இருப்பதால் உழவர் அதனைக் கொல்லத் தயங்குகின்றனர் என்றும், 'ரோஜ்' போன்ற வட்டாரப் பெயரால் அழைக்க வேண்டும் என்றும் கோரிக்கைகள் எழுந்ததுண்டு. கொல்வதற்கு முன் பெயரை மாற்ற வேண்டியிருக்கிறது.

மோகாமாவில் சுட்டவர்கள் ஏன் ஐதராபாத்திலிருந்து வர நேர்ந்தது? பயிரிழந்த உழவரிடம் தாள் இல்லை. விலங்கின் தடமறிந்த சமூகங்களிடமும் இல்லை. அது பழகிய பாதையில் மீண்டும் அயலாரிடமே சென்றது. இதற்கிடையில், 1998இல் ஜோத்பூர் அருகே புல்வாய் கொல்லப்பட்ட வழக்கில் மும்பை நடிகர் ஒருவருக்கு இருபது ஆண்டுகள் கழித்து, 2018இல், தண்டனை அறிவிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். அவ்வழக்கை விடாது நடத்தியவர்கள் பிஷ்ணோய் ஊர்மக்கள். இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால், காப்பதிலும் கொல்வதிலும் ஊராரின் இடம் எது என்னும் வினாவுக்கு இந்தியச் சட்டம் இன்னும் நிலையான விடை காணவில்லை என்பது தெரிகிறது.

ஹக்கிபிக்கியரிடம் திரும்புவோம். வேட்டை குற்றமான பின் அவர்களுள் பலர் மூலிகை எண்ணெய் விற்பவர்களாயினர். அவ்வணிகம் அவர்களை ஆப்பிரிக்கா வரை கொண்டுசென்றது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது அங்குச் சிக்கிக்கொண்ட இந்தியருள் கருநாடக ஹக்கிபிக்கியரும் இருந்ததை நாளிதழ்கள் எழுதின. பறவை பிடிப்பவர் என்னும் பெயர் மட்டும் அவர்களோடு தங்கிவிட்டது.

வேட்டை உரிமத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றோ கூடாது என்றோ இப்பதிவு வாதிடவில்லை. பயிரிழப்பு மிகும்போதெல்லாம் அக்கோரிக்கை எழத்தான் போகிறது. அப்போது விவாதம் எத்தனை விலங்கு என்னும் எண்ணிக்கையைப் பற்றியதாக மட்டுமே இருக்கும். தாளில் யார் பெயர் எழுதப்படும் என்பதும் அதே அளவு முதன்மையான கேள்வி என்பதை 1879 முதல் 1991 வரையிலான வரலாறு சொல்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ள வேட்டை, துப்பாக்கி உரிமக் கோப்புகளைச் சட்ட வரலாற்றுச் சான்றாக மட்டும் படிக்காதீர்கள். சொற்களின் சான்றாகவும் படியுங்கள். சிகாரி, வேடர், பேடரு, குற்றப் பரம்பரை, கள்ளவேட்டைக்காரர் என ஒரே மனிதர் எந்தக் கோப்பில் எப்பெயரால் குறிக்கப்படுகிறார் என்று தொகுத்துப் பார்த்தால், இங்கு நான் சுருக்கமாகச் சொன்னதை ஊர்வாரியாக நிறுவவோ மறுக்கவோ இயலும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அறிந்தவர்கள் கூடிச் செய்ய வேண்டிய பணி இது. அத்தகைய கோப்புகளையோ, உங்கள் ஊரில் புல்வாய்க்கு வழங்கும் பெயர்களையோ அறிந்தவர்கள் கீழே பகிர்ந்தால் நன்றியுடையவனாவேன்.